லாரி கேபினுக்கு ஏசி வந்தாச்சு... கூடவே இந்தச் சத்தமும் வரணுமா?

2025 அக்டோபர் 1-ம் தேதிக்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரிகள் எல்லாவற்றிலும் ஓட்டுநர் கேபினில் ஏசி இருந்தே ஆகவேண்டும். மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட என்-2, என்-3 பிரிவு சரக்கு வாகனங்களுக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 டிசம்பரில் போட்ட உத்தரவு இது. மே மாத வெயிலில், இன்ஜின் சூடும் சேர்ந்து வேக, துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு நாக்பூர் தாண்டிப் போனவர்களுக்கு இது சலுகை அல்ல, ரொம்பத் தாமதமாக வந்த நியாயம்.

ஆனால், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரிப் பட்டறைகளில் கொஞ்ச நேரம் நின்றால் இன்னொரு பேச்சும் காதில் விழும். ஏசி போட்டதும் வண்டி உதறுகிறது, ஸ்டீயரிங் நடுங்குகிறது, டேஷ்போர்டுக்குள் ஏதோ கரகரவென்று அரைக்கிறது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சத்தத்துக்குப் பயந்து ஏசியை அணைத்து ஜன்னலை இறக்கிக்கொண்டு ஓட்டுகிறார்கள். இருக்கிற ஏசியை அணைத்துவிட்டு வியர்ப்பது ஒரு கொடுமை. அதைவிடப் பெரிய கொடுமை, பட்டறைக்குப் போனதும் யாரோ ஒருவர் பானட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, 'கம்ப்ரஸர் போச்சு' என்று சொல்லிவிடுவது. பல ஆயிரம் ரூபாய், இரண்டு நாள் லோடு இழப்பு. எல்லாம் போன பிறகு வண்டியை எடுத்தால் அதே சத்தம். காரணம் ஒரு தளர்ந்த போல்ட்டாகவோ, உட்கார்ந்துபோன ரப்பர் புஷ்ஷாகவோ இருந்திருக்கும்.

கம்ப்ரஸர் கெட்டே போகாது என்று இல்லை. ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள். முதல் ஆளாக அதைப் பிடித்துக் கூண்டில் ஏற்றுவதுதான் வழக்கமாகிவிட்டது.

சத்தத்துக்குப் பெயர் சொல்லுங்கள்

ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். சத்தத்தை அப்படியே காதில் போட்டுவிடும் சொற்கள் தமிழில் ஏகப்பட்டது. கிரீச், கடகட, கரகர, டொக்டொக், உஸ்ஸ், ஊங்... ஓட்டுநர் போனில் இதில் ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட்டால் நல்ல மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்தது. 'ஏசி சத்தம் போடுது அண்ணே' என்று மட்டும் சொன்னால், அவரும் என்னதான் செய்வார்?

'கிரீச்' என்றால் பெல்ட் வழுக்குகிறது. ஏசி போட்ட அந்த நொடியில் வந்து அடங்கினால் அநேகமாக அதுதான். 'கரகர' அல்லது 'கர்ர்' என்று மாவு அரைப்பதுபோல் விடாமல் கேட்டால் பேரிங். 'டொக்டொக்' என்று தட்டினால் தளர்ந்த பிராக்கெட்டாக இருக்கலாம், கம்ப்ரஸருக்குள் கேஸ் திரவமாகவே புகுந்து அடிப்பதாகவும் இருக்கலாம். இந்த இரண்டாவது ஆபத்தானது. சில நொடிகளுக்கு ஒருமுறை 'டிக்... டிக்...' என்று விட்டு விட்டு வந்தால் கேஸ் குறைந்து, கிளட்ச் ஓயாமல் பிடித்து விட்டுக்கொண்டிருக்கிறது. 'ஊங்' என்ற காற்றுச் சத்தம் ப்ளோயர் அல்லது ரேடியேட்டர் ஃபேன். ஏசியை அணைத்ததும் கொஞ்ச நேரம் 'உஸ்ஸ்' என்று கேட்டு அடங்குகிறதா? அது நோயே இல்லை. அதிக அழுத்தப் பக்கமும் குறைந்த அழுத்தப் பக்கமும் சமமாகிற சத்தம். எல்லா ஏசியிலும் வரும்.

எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது?

பெயர் வைத்தாயிற்று. அடுத்து, சத்தம் யாரோடு கூட்டு என்று பார்க்க வேண்டும். இதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, நியூட்ரலில் கேபினில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

முதலில் ஏசியை அணைத்து, ப்ளோயரை மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றுங்கள். சத்தம் ப்ளோயரோடு ஏறினால் கோளாறு டேஷ்போர்டுக்குள்ளேயே இருக்கிறது. இன்ஜின் பக்கம் போகவே வேண்டாம். அடுத்து ப்ளோயரைக் குறைவாக வைத்து, ஏசி இல்லாமல் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்துப் பாருங்கள். அப்போதே சத்தம் வந்தால் ஏசி வெறும் சாட்சி. குற்றவாளி வேறு யாரோ. பிறகு இன்ஜின் வேகத்தை ஓரிடத்தில், உதாரணமாக 1000 ஆர்பிஎம்மில், நிறுத்திவைத்துக்கொண்டு ஏசியைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்துப் பாருங்கள். பட்டனோடு சேர்ந்து சத்தம் வந்து போனால் மட்டும்தான் கம்ப்ரஸர் பக்கம் கண்ணைத் திருப்ப வேண்டும்.

வண்டி ஓடும்போது மட்டும் வருகிறது, நின்றால் இல்லை என்றால் அது டயர், ஷாஃப்ட், காற்று என்று வேறு கதை. ஏசி மெக்கானிக்கிடம் போய்ப் பிரயோஜனம் இல்லை.

கையில் இருக்கிற போனும் இங்கே நல்ல கருவி. ஜன்னலை மூடி, போனை எப்போதும் ஒரே இடத்தில் வைத்து, அதே ஆர்பிஎம்மில், ஏசி போட்டு அரை நிமிடம், அணைத்து அரை நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகும் அதேபோல் பதிவு செய்து இரண்டையும் கேட்டால், கொடுத்த காசுக்கு வேலை நடந்ததா என்பது தெரிந்துவிடும். டெசிபல் காட்டும் ஆப்களின் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். போனுக்குப் போன் மாறும். முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று ஒப்பிடுவதற்கு மட்டும் அது போதும். இன்னொன்று: மெல்லிய 'கிரீச்' ஒன்று மீட்டரில் தெரியவே தெரியாது. இன்ஜின் இரைச்சலில் அது அமுங்கிவிடும். ஆனால் எட்டு மணி நேரம் ஓட்டுகிறவரின் காதுக்குத் தெரியும். மீட்டர் சும்மா இருக்கிறதே என்று ஓட்டுநர் சொல்வதைத் தள்ளிவிடக் கூடாது.

பெல்ட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்

லாரி ஏசியின் கம்ப்ரஸர் வீட்டு ஏசிபோலத் தனி மோட்டாரில் ஓடுவதில்லை. இன்ஜின் கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட் வழியாகச் சுற்றுகிறது. ஏசி அணைந்திருந்தாலும் கம்ப்ரஸரின் புல்லி மட்டும் சும்மா சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பட்டனைத் தட்டினால் காந்தக் கிளட்ச் முன்தட்டை இழுத்துப் பிடிக்க, அப்போதுதான் உள்ளே இருக்கும் பிஸ்டன்கள் வேலையைத் தொடங்கும். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஏசி போடாதபோதும் 'கரகர' கேட்டால் அது புல்லி பேரிங், ஐட்லர், டென்ஷனர் இவற்றில் ஒன்று. புல்லி பேரிங்கைப் பெரும்பாலான கம்ப்ரஸர்களில் தனியாக மாற்ற முடியும். இதற்காக முழுக் கம்ப்ரஸரையும் மாற்றச் சொன்னால், இன்னொரு பட்டறையில் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

பெல்ட் கிரீச்சிட்டால் பழைய மெக்கானிக்குகள் செய்கிற ஒரு சோதனை உண்டு. இன்ஜின் ஓடும்போது, தள்ளி நின்று, பெல்ட்டின் உள்பக்கம் ஸ்ப்ரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் அடிப்பார்கள். சத்தம் சில நொடி அடங்கித் திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. செலவில்லாத இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு, பெல்ட்டில் சோப்பும் டிரெஸ்ஸிங் ஸ்ப்ரேயும் அடிப்பது தலைவலிக்குத் தைலம் போடுகிற கதைதான். அடங்கினாற்போல் இருக்கும், தூசி ஒட்டி மறுபடி இன்னும் மோசமாக வரும்.

புல்லிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க, இன்ஜினை அணைத்துவிட்டு நேரான இரும்புப் பட்டையைக் கிராங்க் புல்லி முகத்தில் வைத்து, கம்ப்ரஸர் புல்லியில் சரியாக உட்காருகிறதா என்று பார்த்தால் போதும். ஓர் அடிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகினாலே கிரீச் தொடங்கக்கூடும். இன்றைய பெல்ட்டுகளைப் பற்றி இன்னொரு சேதி: முன்பெல்லாம் பெல்ட் வெடித்திருந்தால் மாற்றுவோம். இப்போது வரும் இபிடிஎம் ரப்பர் பெல்ட்டுகள் அவ்வளவு சீக்கிரம் வெடிப்பதில்லை. பள்ளங்கள் மட்டும் டயர்போலத் தேயும். பார்க்கப் புதிதாகவே இருக்கும், ஆனால் பிடிக்காது.

பெல்ட் சத்தத்தை அலட்சியம் செய்யக் கூடாததற்குக் காரணம், பல இன்ஜின்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. ஏசி கோளாறு என்று நினைத்து விட்டால், ஒருநாள் பெல்ட் அறுந்து, நடுக்காட்டில் இன்ஜின் கொதித்து நிற்கும்.

ஏசி போட்டால் மட்டும் 'டொக்டொக்', கூடவே அதிர்வு என்றால் முதலில் கம்ப்ரஸரைத் தாங்கும் பிராக்கெட். இன்ஜினை அணைத்துவிட்டு, கம்ப்ரஸரைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கொஞ்சமும் அசையக் கூடாது. போல்ட் ஓட்டைகளைச் சுற்றி துருப்பொடி சிவப்பாகக் கசிந்திருந்தால், அந்த இடம் பல நாளாக ஆடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். போல்ட்டை முறுக்கினால் மட்டும் போதாது. ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறதா, பிராக்கெட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காந்தக் கிளட்ச்சின் இடைவெளியையும் சோதிக்கச் சொல்லலாம். பெரும்பாலானவற்றில் அது அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். தேய்ந்து கூடிப்போனால் பிடிக்கும்போது பளீரென்று அறையும், சூட்டில் வழுக்கிக் கருகும்.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கம்ப்ரஸர் உடம்பில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்கும் பழக்கம் எல்லாப் பட்டறையிலும் உண்டு. கேட்பவருக்கு நன்றாகக் கேட்கும். பக்கத்தில் பெல்ட்டும் ஃபேனும் சுற்றுகின்றன என்பதுதான் சிக்கல். சில நூறு ரூபாய்க்கு மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் கிடைக்கிறது. லுங்கி, துண்டு, தொங்கும் கயிறு எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. கேபினைச் சாய்த்து வேலை பார்த்தால் லாக் கம்பி விழுந்திருக்கிறதா என்பதை உறுதி செய்த பிறகே தலையை உள்ளே விட வேண்டும்.

ஏசி மேல் பழி, குற்றம் வேறு இடத்தில்

ஸ்டீயரிங் நடுக்கம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதிகமாகத் தவறாக வைத்தியம் பார்க்கப்படுவது இதுதான்.

நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு சிலிண்டர் வெடிக்கும். ஐடிலில் 600 ஆர்பிஎம் என்றால் நொடிக்குப் பத்துச் சுற்று; அதாவது நொடிக்கு 20 உதைகள். ஆறு சிலிண்டர் என்றால் 30. இந்த உதைகளை இன்ஜின் மவுண்ட் ரப்பர்களும் கேபின் புஷ்களும் விழுங்கிக்கொள்கின்றன. ஏசி போட்டதும் இன்ஜினுக்குப் பாரம் கூடுகிறது. ஐடில் ஐம்பது, அறுபது சுற்று இறங்கினால் உதைகளின் எண்ணிக்கையும் இறங்கும். கேபினுக்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் தானாக ஆடுகிற ஒரு தாளம் உண்டு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சின்னத் தள்ளலே பெரிதாக வீசுமே, அதுபோல உதைகள் அந்தத் தாளத்தோடு ஒத்துப்போனால் மொத்தக் கேபினும் உதறும்.

ஆகவே, ஐடிலில் மட்டும் நடுக்கம், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தொட்டால் மறைந்துவிடுகிறது என்றால் ஏசியில் கைவைக்கத் தேவையில்லை. ஏசி போட்டதும் இன்ஜின் தானாக ஐடிலைச் சற்று ஏற்றிக்கொள்ள வேண்டும். இன்றைய வண்டிகளில் இசியூ அந்த வேலையைச் செய்யும். அது நடக்கிறதா என்று டேக்கோமீட்டரைப் பார்த்தாலே தெரியும். அடுத்து ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர். ஒரு சிலிண்டர் சோம்பலாக இருந்தாலும் ஏசி பாரத்தில்தான் அது வெளியே தெரியும். அதன் பிறகு இன்ஜின் மவுண்ட், கேபின் மவுண்ட். டீசலும் ஆயிலும் பட்டு ஊறிய ரப்பர், வெயிலில் காய்ந்து கல்லான ரப்பர் எல்லாம் அதிர்வை விழுங்காமல் அப்படியே மேலே அனுப்பும். புதுக் கம்ப்ரஸர் போட்டும் நடுக்கம் போகாத வண்டிகளில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

குழாய்களையும் மறக்கக் கூடாது. கம்ப்ரஸர் இன்ஜினோடு ஆடுகிறது. கூலிங் காயில் கேபினோடு ஆடுகிறது. நடுவில் போகும் ரப்பர் ஹோஸ் இரண்டு ஆட்டத்துக்கும் இடம் கொடுத்து, கொஞ்சம் தளர்வாகப் போக வேண்டும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று யாராவது அதை விறைப்பாக இழுத்துக் கேபின் தகட்டில் கட்டிவிட்டால், இன்ஜினின் மொத்தத் துடிப்பும் அந்தத் தகட்டுக்கு வரும். தகடு பறைபோல அதிரும். வண்டி ஓடும்போது யாரும் பார்ப்பதில்லை. நிறுத்திவைத்து, ஏசி போட்டு, ஹோஸ் எங்கே உரசுகிறது என்று பார்த்தால் பளபளவென்று தேய்ந்த தடம் காட்டிக்கொடுத்துவிடும். ரப்பர் வைத்த கிளாம்ப் ஒன்று போதும். அந்தத் தடத்தை அப்படியே விட்டால் சத்தத்தோடு நிற்காது, ஒருநாள் ஓட்டை விழுந்து கேஸ் முழுவதும் போகும்.

கோழி இறகும் புளிய இலையும்

கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் விரல் நுழையாத சந்து. நாமக்கல் பக்கம் ஓடும் வண்டிகளில் அந்தச் சந்தில் என்ன இருக்கும் என்று கேட்கவே வேண்டாம். கோழி இறகு, தீவனத் தூசி, வைக்கோல், பஞ்சு. முன்பக்கம் கழுவினால் சுத்தமாகத் தெரியும். நடுவில் கம்பளி விரித்ததுபோல் அடைத்திருக்கும். சூடு வெளியேற வழியில்லாமல் கண்டென்சரில் அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் முக்கும், ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் பிடித்துக்கொண்டு விமானம் கிளம்புவதுபோல் இரையும். ஏசி போட்டால் வண்டியே கத்துகிறது என்பார்களே, பல வண்டிகளில் அது இந்த ஃபேன் சத்தம்தான். தண்ணீரை மெதுவான வேகத்தில், இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி விட்டால் குப்பை வெளியே வரும். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கமாக வைத்து அடித்தால் மெல்லிய இதழ்கள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும்.

ப்ளோயர் சமாச்சாரம் சின்னது. புளியமரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் அந்தப் பொடி இலைகள் காற்று வரும் வழியாக இறங்கி, ப்ளோயர் சக்கரத்தில் சிக்கி 'சரசர' என்று உரசும். ஃபில்டர் அடைத்தாலும் 'ஊங்' கூடும், காற்று குறையும். வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் தண்ணீர் 'களக்களக்' என்றால் கூலிங் காயிலின் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது. இவை மூன்றுமே அரை மணி நேர வேலை.

கேஸ் அதிகமானாலும் சத்தம்தான்

'கூலிங் குறைவா இருக்கு, கொஞ்சம் கேஸ் ஏத்து' என்பது பட்டறையில் தினமும் கேட்கும் வசனம். வயிறு முட்டச் சாப்பிட்டவர் மூச்சு வாங்குவதுபோல, அளவுக்கு மேல் கேஸ் ஏற்றிய வண்டியில் கம்ப்ரஸர் உறுமும். திரவமாகவே திரும்பி வந்து பிஸ்டனை அடித்தால் உள்ளே வால்வு உடையும். எவ்வளவு கிராம் என்பது வண்டியிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். எடை பார்த்து ஏற்றுவதுதான் முறை. கேஜை மட்டும் பார்த்து ஏற்றுவது குத்துமதிப்பு.

காற்று கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வண்டி பல மணி நேரம் நிழலில் நின்று இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு கேஜை மாட்டினால், ஆர்-134ஏ கேஸ் அன்றைய வெப்பத்துக்கு ஏற்ற அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். 35 டிகிரி என்றால் சுமார் 115 பிஎஸ்ஐ. அதைவிட நன்றாக ஏறிக் காட்டினால், கேஸ் போடும் முன் வேக்கம் சரியாக இழுக்கவில்லை, உள்ளே காற்று இருக்கிறது. உறுமலுக்கும் உதறலுக்கும் அதுவே போதுமான காரணம்.

இந்தப் பகுதியை மட்டும் ஓட்டுநரோ கிளீனரோ தொடக் கூடாது. ஆர்-134ஏ வெளியே வந்தால் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் பொருள். விரலில் பட்டால் சதை உறைந்துவிடும், கண்ணில் பட்டால் சொல்ல வேண்டியதே இல்லை. மலிவாக இருக்கிறது என்று சமையல் கேஸை ஏற்றுகிற விபரீத வேலைக்கும் இடம் கொடுக்காதீர்கள். தூங்குகிற கேபினுக்குள் தீப்பற்றும் வாயுவைக் குழாய் போட்டு வைப்பதற்குச் சமம் அது.

உண்மையாகவே கம்ப்ரஸர் உள்ளே உடைந்திருந்தால், புதிது போடுவதோடு வேலை முடியாது. உடைந்த உலோகத் தூள் கண்டென்சருக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வுக்கும் போயிருக்கும். முழு லைனையும் கழுவ வேண்டும், கழுவ முடியாத கண்டென்சரை மாற்ற வேண்டும், டிரையரும் புதிது. இதைச் செலவு என்று தவிர்த்தால் புதுக் கம்ப்ரஸரும் அந்தத் தூளைத் தின்றே சாகும். அதேபோல், ஆயில் எந்த வகை என்பதைக் கம்ப்ரஸரில் எழுதியிருக்கும். திறந்து வைத்த பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றச் சம்மதிக்காதீர்கள். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது.

பழைய வண்டிக்குப் புது ஏசி

உத்தரவு புது வண்டிகளுக்குத்தான். பழைய வண்டிக்கும் ஏசி போட்டுத் தாருங்கள் என்று கேட்கும் உரிமையாளர்கள் உண்டு. கேட்பது நல்ல மனசு. ஆனால் அதிகச் சத்தம் வருவதும் இந்த வண்டிகளில்தான். கம்ப்ரஸருக்கென்று இன்ஜினில் இடம் விட்டிருக்க மாட்டார்கள். பட்டறையில் தகடு வெட்டி, வெல்டு வைத்து ஒரு பிராக்கெட் செய்வார்கள். தகடு மெல்லியதாக இருந்தால் அதுவே ஆடும். வெல்டு சூட்டில் வளைந்திருந்தால் புல்லி கோணும். தடித்த தகடு, இரண்டு பக்கமும் தாங்கும் குறுக்குக் கம்பி, வெல்டு ஆறிய பிறகு மறுபடியும் பட்டை வைத்து நேர் பார்ப்பது, முதல் ஆயிரம் கிலோமீட்டரில் எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை டார்க் பார்த்து முறுக்குவது. இவ்வளவையும் ஏற்றுக்கொள்கிற பட்டறையில் கொடுப்பது நல்லது. கம்ப்ரஸரைக் கேபின் பக்கமோ சேஸிஸிலோ பொருத்தி, ஆடும் இன்ஜினிலிருந்து பெல்ட் இழுக்கும் யோசனை யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். இரண்டும் தனித்தனியாக ஆடும்போது பெல்ட் எப்படி நேராக நிற்கும்?

காரணம் தீர்ந்த பிறகும் இரைச்சலா?

அப்போதுதான் ஃபோமும் மேட்டும். வரிசை முக்கியம். ஆடும் போல்ட்டை விட்டுவிட்டுத் தரை முழுக்க மேட் விரிப்பதில் பயனில்லை. கேபினில் முதலில் தேட வேண்டியது ஓட்டைகள். கிளட்ச் பெடல் இறங்கும் இடம், கியர் லீவர் பூட், வயர்கள் நுழையும் துளை, இன்ஜின் மூடியின் ஓரம். சின்ன இடுக்கு வழியாக வருகிற சத்தம் ஆச்சரியப்படும் அளவுக்குப் பெரிது. அதே இடுக்கு வழியாகத்தான் இன்ஜின் சூடும் வருகிறது. ரப்பர் குரோமெட் வைத்து அடைத்தால் சத்தமும் குறையும், ஏசிக்குப் பாரமும் குறையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கனமான ரப்பர் மேட் தகட்டின் அதிர்வை அமுக்கும். பஞ்சுபோன்ற ஃபோம் உள்ளே எதிரொலிப்பதை உறிஞ்சும். இன்ஜின் பக்கம் தீப்பிடிக்காத வகைதான் ஒட்ட வேண்டும். சாதாரண சோபா ஸ்பாஞ்ச் அங்கே கூடவே கூடாது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதே காதுக்கு எல்லை என்று அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு. லாரிக்காரர்களின் நாள் எட்டு மணி நேரத்தில் முடிவதில்லை. காது மங்குவது ஓட்டுநருக்குத் தெரியாது. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் மனைவிக்கும், இரண்டாம் முறை கூப்பிடும் பிள்ளைக்கும்தான் முதலில் தெரியும். இருக்கை வழியே வருடக்கணக்கில் ஏறும் அதிர்வு இடுப்பைப் பதம் பார்ப்பது தனி. இரைச்சலில் இருப்பவர் சீக்கிரம் களைத்துப்போகிறார் என்பதும், களைத்த கண் எங்கே மூடும் என்பதும் நெடுஞ்சாலைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மழைக்காலத்தில் ஏசியே வேண்டாம் என்று மாதக்கணக்கில் அணைத்துவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வாரம் ஒருமுறை பத்து நிமிடமாவது ஓடவிடுங்கள். கேஸோடு சேர்ந்து சுற்றும் ஆயில்தான் கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீலை நனைத்துவைக்கிறது. சீல் காய்ந்தால் கேஸ் மெல்லக் கசியும். கோடை வந்து முதல் நாள் பட்டனைத் தட்டும்போது அந்த 'டிக்... டிக்...' ஆரம்பிக்கும். அந்தப் பத்து நிமிடமும் ரேடியோவை அணைத்துவிட்டு, போன வாரம் இல்லாத சத்தம் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொள்ளலாம்.